அயலவர் சொல்லும் வழி

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டால், சிலாபத்தைப் போன்ற ஊர்களில் அதற்கொரு பதில் எப்போதும் தயாராக இருக்கின்றது. "நெட்வேர்க்கிங் படி, சீ.சீ.என்.ஏ. எடு, வெளிநாட்டுக்குப் போகலாம்" என்பதே அப்பதில். சொல்பவர்களுக்கு அந்த எழுத்துகளின் விரிவு தெரியாது. கேட்பவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் பெற்றோர் சீட்டுக்கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் நீர்கொழும்புக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

சிஸ்கோ நிறுவனம் நடத்தும் இந்தப் பரீட்சைக்கான கட்டணம் 300 அமெரிக்க டொலர். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் அது நம் காசில் ஏறத்தாழ 60,000 ரூபாவாக இருந்தது. ரூபாவின் பெறுமதி சரிந்ததும் அதே ஆண்டு மே மாதத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு கொடுத்துப் பெறும் சான்றிதழில் என்ன இருக்கின்றது என்பதைப் போலவே, என்ன இல்லை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 2020 பெப்ரவரியில் அப்பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது, ஒரு வலையமைப்பு இன்னொரு வலையமைப்புக்கு வழி சொல்லும் முறை பற்றிய பகுதி அதிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அது தொடக்கநிலைப் பரீட்சை. ஓர் அலுவலகத்துக்குள்ளே கணினிகளை இணைக்கத் தெரிந்தால் அதற்குப் போதும். ஆகவே அந்நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், இணையம் முழுவதையும் படித்து முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்பும் நம் பிள்ளைகள், இணையத்தை இணையமாக்கும் பகுதியைத் தொடாமலேயே திரும்புகிறார்கள் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

ஒரு வங்கிக் கிளைக்குள்ளோ பாடசாலைக்குள்ளோ கணினிகளைத் தொடுப்பது ஒரு கலை. அங்கே வீட்டுத் தலைவர் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னால் எல்லாக் கருவிகளும் கேட்கும். வெளியே நிலைமை வேறு. உலகில் இன்று 70,000 இற்கும் மேற்பட்ட தன்னாட்சி வலையமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஸ்ரீலங்கா ரெலிகொம் 9329, டயலொக் 18001, கூகுள் 15169 என்றவாறு. இவற்றுக்கெல்லாம் மேலே தலைவர் எவருமில்லை. ஒவ்வொரு வலையமைப்பும் தன் அயலவருக்கு, "இன்னின்ன முகவரிகள் என்னிடம் உள்ளன, அவற்றுக்குப் போக வேண்டுமானால் என் வழியே அனுப்பலாம்" என்று அறிவிக்கின்றது. அயலவர் அதைக் கேட்டுத் தமது இலக்கத்தையும் சேர்த்துத் தமது அயலவருக்குச் சொல்கிறார். இப்படி வாய்வழியாகப் பரவும் அறிவிப்புகளின் தொகுப்பே இணையத்தின் வரைபடம். வேறொரு வரைபடம் எந்த அலுவலகத்திலும் பூட்டி வைக்கப்படவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பி.ஜி.பி. எல்லை நுழைவாயில் நெறிமுறை என்று தமிழில் சொல்லலாம். 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் நடந்த பொறியியலாளர் கூட்டமொன்றின் மதிய உணவு வேளையில், கேர்க் லொஹீட், யாக்கொவ் ரெக்ற்ரர் என்னும் இருவர் கைதுடைக்கும் கடதாசியில் இதன் முதல் வரைவை எழுதினர். அன்றைய இணையத்தில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வு நிறுவனத்தாருமே. ஒருவர் பொய் சொல்லக்கூடும் என்று நினைக்க அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. அன்றைய அவசரத் தேவைக்கென எழுதப்பட்ட அந்த நெறிமுறை பின்னர் திருத்தப்பட்டு, அதன் நான்காம் பதிப்புக்கென 2006 இல் வெளியான விதிகளின்படி இன்றும் உலகத்தின் பாரத்தைச் சுமக்கின்றது. அயலவர் சொல்வது உண்மை என்ற நம்பிக்கைதான் அதன் அத்திவாரம்.

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவர்களுக்கு இந்த அத்திவாரத்தின் பலமும் பலவீனமும் உடனே புரியும். பிரதேச நிருபர் சொல்கிறார், ஆசிரியபீடம் எடுத்துக்கொள்கிறது, இன்னொரு பத்திரிகை அதைப் பார்த்துத் தானும் போடுகிறது. மூன்று இடத்தில் வந்துவிட்டதால் செய்தி உண்மையாகிவிட்டது என்று வாசகர் நினைக்கிறார். முதலில் சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கும் ஒருவர் சங்கிலியில் எங்கேயாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இணையத்தின் வரலாற்றிலும் உதாரணம் இருக்கின்றது, சிலாபத்தின் வரலாற்றிலும் இருக்கின்றது.

முதலில் இணையத்தின் கதை. 2008 பெப்ரவரி 24 ஆந் திகதி, யூடியூப் தளத்தைத் தடைசெய்யுமாறு பாகிஸ்தான் அரசு தன் நாட்டு இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருந்தது. பாகிஸ்தான் ரெலிகொம் நிறுவனம் அதற்கு ஒரு சுருக்கு வழியைக் கையாண்டது. யூடியூப்பின் முகவரிகள் தன்னிடமே உள்ளன என்று உள்நாட்டுக்குள் அறிவித்து, அங்கே வரும் தரவுகளைக் குப்பையில் போட ஏற்பாடு செய்தது. அந்த அறிவிப்பு வேலியைத் தாண்டிவிட்டது. மேலேயிருந்த பெரிய வலையமைப்பான பீ.சீ.சீ.டபிள்யூ. அதைச் சரிபார்க்காமல் ஏற்று உலகுக்கெல்லாம் சொன்னது.

யூடியூப் 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்திருந்தது. பாகிஸ்தானிலிருந்து வந்ததோ அவற்றுள் 256 முகவரிகளுக்கான குறுகிய அறிவிப்பு. பொதுவான அறிவிப்பைவிடக் குறிப்பான அறிவிப்பையே ரவுட்டர்கள் தேர்ந்தெடுக்கும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. "வடமேல் மாகாணத்துக்கு இந்த வழி" என்று ஒரு பலகையும் "சிலாபத்துக்கு அந்த வழி" என்று இன்னொரு பலகையும் இருந்தால், சிலாபத்துக்கு வருபவர் இரண்டாவது பலகையைத்தானே பின்பற்றுவார்? உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் இல்லாமற் போயிற்று. யூடியூப் பொறியியலாளர்கள் அதே 256 முகவரிகளைத் தாமும் அறிவித்து, பின்னர் அதைவிடவும் குறுகிய 128 முகவரித் தொகுதிகளாக அறிவித்துப் போராடினர். இறுதியில் பீ.சீ.சீ.டபிள்யூ. தவறான அறிவிப்பை மீளப்பெற்ற பின்னரே நிலைமை முற்றாகச் சீரானது.

இனிச் சிலாபத்தின் கதை. 2019 மே 12 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்த வேளையில், முகநூலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு சிறு வாசகம் மிரட்டலாகப் பொருள்கொள்ளப்பட்டது. அது பரவிய வேகத்தில் கும்பல் திரண்டது. பள்ளிவாசல்களும் முஸ்லிம்களின் கடைகளும் கல்லெறிக்கு இலக்காயின. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் வன்செயல் அயலூர்களுக்கும் பரவி, புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஓர் உயிர் பலியானது. அரசு சமூக ஊடகங்களை நாடு முழுவதும் தற்காலிகமாக முடக்கியது. முதலில் சொன்னவர் யார், என்ன பொருளில் சொன்னார் என்று கேட்க எவரும் தாமதிக்கவில்லை. ஒருவர் சொன்னார், அயலவர் நம்பினார், அடுத்தவருக்குச் சொன்னார்.

இவ்விரு கதைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒன்றில் இழந்தது காணொளிகள். மற்றையதில் இழந்தது மனிதர்களின் நிம்மதியும் ஓர் உயிரும். எனினும் இரண்டுக்குமிடையே நாம் கவனிக்க வேண்டிய ஒரு தொடர்பு உண்டு. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல், மே மாதங்களிலும், 2022 ஏப்ரலிலும் நம் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஒரு தளத்தை முடக்கப் பல வழிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, பாகிஸ்தானில் கையாளப்பட்டதைப் போலப் பொய் வழி அறிவிப்பது. தடை சரியா பிழையா என்று அரசியல்வாதிகளும் ஊடகவியலாளரும் வாதாடலாம். அதை எந்த வழியில் செய்கிறார்கள், வேலி இருக்கின்றதா, அறிவிப்பு வெளியே கசிந்தால் யார் கவனிப்பார் என்று கேட்பதற்கு, அதைப் படித்தவர்கள் வேண்டும். அப்படிக் கேட்கக்கூடியவர்கள் கொழும்பிலுள்ள சில நிறுவனங்களின் அலுவலகங்களுக்குள் மட்டும் இருந்தால், அவர்கள் வாய் திறக்கவும் முடியாது. கேள்வி வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

விஷமமோ அரசாங்கத் தடையோ இல்லாமலும் பெரும் விபத்துகள் நிகழ்கின்றன. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில் 2022 ஜூலை 8 ஆந் திகதி நடந்ததை அங்கு உறவினர் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரொஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு விடிகாலையில் விழுந்தது. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் தொலைபேசியும் இணையமும் இன்றித் தவித்தனர். கடைகளில் வங்கி அட்டைகள் வேலை செய்யவில்லை. அவசர இலக்கமான 911 ஐ அழைக்க முடியாமல் பலர் திண்டாடினர். காரணம், பராமரிப்பு வேலையின்போது ரவுட்டரிலிருந்த ஒரு வடிகட்டி நீக்கப்பட்டதே. அந்த வடிகட்டி போனதும், வெளியுலகின் வழித்தகவல்கள் வெள்ளமாக உள்ளே புகுந்து மையக் கருவிகளை மூழ்கடித்தன. பழுதுபார்ப்பதற்கான உள் இணைப்பும் அதே மையத்தை நம்பியிருந்தபடியால், எங்கே பிழை என்று காண்பதற்கே பொறியியலாளர்களுக்கு நெடுநேரம் பிடித்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 2021 ஒக்டோபர் 4 ஆந் திகதி, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இன்ஸ்ரகிராமும் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் உலகத்திலிருந்து மறைந்தன. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் உள் முதுகெலும்பைத் துண்டித்தது. அதனை உணர்ந்த பெயர்ச் சேவைக் கணினிகள், தமது முகவரிகளுக்கான அறிவிப்புகளைத் தாமாகவே மீளப்பெற்றுக்கொண்டன. "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்வதை ஒருவர் நிறுத்திவிட்டால், இணையத்தைப் பொறுத்தமட்டில் அவர் இல்லை.

இந்தக் கதைகளிலிருந்து நான் சொல்ல வருவது இதுதான். வலையமைப்புகளுக்கிடையிலான வழிப்படுத்தலைக் கற்பது என்பது கட்டளைகளை மனப்பாடம் செய்வதல்ல. எதை நம்புவது, எதைச் சரிபார்ப்பது, பிழை வந்தால் எங்கே தேடுவது என்று பழகுவதே அக்கல்வி. கட்டளைகளை எழுதி இணைப்பு ஏற்படுத்த ஒரு வார இறுதி போதும். அறுந்தது எங்கே என்று கண்டுபிடிக்கும் கண் வருவதற்கு ஆண்டுகள் வேண்டும். நமது தனியார் வகுப்புகள் முதலாவதைக் கற்பித்து, விடைகளைப் பாடமாக்கக் கொடுத்து, சான்றிதழுடன் அனுப்பிவைக்கின்றன. இரண்டாவதைக் கற்பிக்க அவற்றுக்குப் பொறுமையில்லை.

இரண்டாவது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பார்ப்போம். பிங் என்றொரு கருவி உண்டு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் எழுதியது. நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் கருவியின் சத்தத்தைக் கொண்டு அவர் இப்பெயரை வைத்தார். சிலாபத்தின் மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பலநாள் படகில் ஆழம் பார்ப்பவருக்கு எதிரொலி என்றால் என்னவென்று தெரியும். பிங் செய்வதும் அதைத்தான். மறுமுனை இருக்கின்றதா, பதில் வர எவ்வளவு நேரமாகின்றது என்று சொல்லும்.

ட்ரேஸ்ரூட் இன்னொரு கருவி. போகும் வழியில் உள்ள ரவுட்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டும். சிலாபத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். ஆகவே போய்வர ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும் சில மில்லிவிநாடிகளே. கண்ணாடி இழை இணைப்புள்ள ஒரு மாணவர் கொழும்பிலுள்ள ஒரு கணினிக்குப் பாதை பார்க்கும்போது, பதில் வர 60 அல்லது 70 மில்லிவிநாடி ஆகின்றது என்று வைத்துக்கொள்வோம். அத்தரவு கடல் தாண்டிப் போய்வந்திருக்கலாம் என்று அவர் சந்தேகிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குச் சிங்கப்பூர் வழியாகப் போவது ஏன் என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கும். இரண்டு உள்நாட்டு வலையமைப்புகள் நேரே சந்திக்காவிட்டால் அப்படித்தான் நடக்கும். இதைத் தவிர்க்கவே இந்தியா 2003 இல் தேசிய இணையப் பரிமாற்ற நிலையத்தை அமைத்தது.

பாதையைப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அது சொல்லாததையும் அறிய வேண்டும். போகும் வழி ஒன்றாகவும் திரும்பும் வழி வேறாகவும் இருக்கலாம். ட்ரேஸ்ரூட் போகும் வழியை மட்டுமே காட்டும். நடுவில் ஒரு ரவுட்டர் பதில் சொல்லாமல் நட்சத்திரக் குறிகள் தோன்றினால், அது பழுதடைந்துவிட்டது என்பது பொருளல்ல. அந்தக் கருவி பதில் சொல்ல விரும்பாமல் இருக்கலாம். அதேபோல, இரு அயலவருக்கிடையிலான பி.ஜி.பி. தொடர்பின் நிலை "ஆக்டிவ்" என்று திரையில் காட்டினால், புதிதாகப் படிப்பவர் எல்லாம் நன்றாக இருப்பதாக மகிழ்ந்துவிடுவார். உண்மையில் அச்சொல்லுக்கு இவ்விடத்தில், இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன் என்பதே பொருள். "எஸ்டாப்ளிஷ்ட்" என்று வந்தால்தான் பேச்சு தொடங்கியிருக்கின்றது.

பேச்சு தொடங்கிய பிறகும் நான்கு கேள்விகள் பாக்கியிருக்கும். அயலவர் அந்த வழியை உண்மையில் அறிவித்தாரா? அறிவித்ததை நம் வடிகட்டி ஏற்றதா? ஏற்றவற்றுள் அது சிறந்த வழியாகத் தெரிவானதா? தெரிவானதை நாம் மற்ற அயலவருக்குச் சொன்னோமா? இந்த ஒழுங்கில் கேட்டால் பெரும்பாலான பழுதுகள் அகப்பட்டுவிடும். ஒழுங்கின்றிக் கருவியை அணைத்து அணைத்துப் போடுபவர், பழுதையும் தீர்க்கமாட்டார், அதன் தடயத்தையும் அழித்துவிடுவார்.

இதையெல்லாம் பழகுவதற்கு இலட்சக்கணக்கில் பணமோ கொழும்பு விலாசமோ வேண்டியதில்லை. எப்.ஆர்.ரூட்டிங், பேர்ட் ஆகிய இலவச மென்பொருள்களை லினக்ஸ் உள்ள எந்தப் பழைய கணினியிலும் நிறுவலாம். அவற்றைக் கொண்டு ஒரே கணினிக்குள் பத்து வலையமைப்புகளை உருவாக்கி, ஒன்றோடொன்று பேசவைத்து, வேண்டுமென்றே அறுத்துப் பார்க்கலாம். பாகிஸ்தானில் நடந்ததை ஒரு மேசையில் மீண்டும் நடத்திக் காட்டலாம். யாருடைய காணொளியும் நிற்காது. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகம் நடத்தும் ரூட்வியூஸ் சேகரிப்பில், உலகின் உண்மையான வழி அறிவிப்புகள் எவரும் பார்க்கக்கூடியவாறு கிடைக்கின்றன. நமது பிராந்தியத்துக்கு இணைய முகவரிகளை வழங்கும் ஏப்நிக் அமைப்பு, பிரிஸ்பேனில் இருந்துகொண்டு இலவசப் பாடங்களையும் பயிற்சிக் கூடங்களையும் இணையத்தில் வைத்திருக்கின்றது. 2016 இல் அவ்வமைப்பின் 42 ஆவது மாநாடு கொழும்பிலேயே நடந்தது. வீட்டு வாசலுக்கு வந்த விருந்தாளிதான்.

"சிலாபத்தில் பி.ஜி.பி. யாருக்கு வேண்டும்? அந்த வேலைக்கு நாடு முழுவதிலும் ஒரு சில பேர் போதுமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வேலைவாய்ப்பை மட்டும் கணக்கிட்டால் அந்த ஆட்சேபத்துக்குப் பலம் உண்டு. பத்து நிறுவனங்கள் ஆளுக்கு ஐந்து பேரை எடுத்தால் கதை முடிந்துவிடும். ஆனால் வென்னப்புவவிலிருந்து சிலாபம் வரையான இந்தக் கரையோரம் எதை நம்பி வாழ்கின்றது என்று பாருங்கள். எத்தனை குடும்பங்களில் தகப்பனோ தாயோ மகளோ இத்தாலியில் இருக்கிறார்கள்? பிள்ளையின் முகத்தைத் தாய் பார்ப்பதும், அனுப்பிய காசு வந்துவிட்டதா என்று விசாரிப்பதும் கையடக்கத் தொலைபேசித் திரையில்தான்.

கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4 என்னும் கடலடிக் கேபிள், செங்கடலைக் கடந்து இத்தாலியின் பலெர்மோவையும் தொடுகின்றது. 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கருகே அது அறுந்தது. 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகே கப்பலொன்றின் நங்கூரம் கேபிளை அறுத்தபோது, நாட்டின் வெளியுலகத் தொடர்பின் பெரும்பகுதி ஒரேயடியாக நின்றது. இன்று மாத்தறையிலும் கல்கிசையிலும்கூடக் கேபிள்கள் கரையேறுகின்றன. ஒன்று அறுந்தால் மற்றொன்றின் வழியே போகலாம். ஆனால் மாற்றுக் கேபிள் இருப்பது மட்டும் போதாது. மாற்று வழியை முன்கூட்டியே ஒழுங்குசெய்து, அது உண்மையில் வேலை செய்கின்றதா என்று பரீட்சித்துப் பார்த்த கைகள் வேண்டும். சிலாப வாவியின் முகத்துவாரத்தில் மணல் ஏறினால் எந்தப் பக்கமாகப் படகைத் திருப்புவது என்பது, மணல் ஏறிய பிறகு யோசிக்கும் விஷயமல்ல.

இன்னொன்றும் உண்டு. அயலவர் சொல்வதைச் சரிபார்க்க ஒரு வழி இப்போது வந்திருக்கின்றது. முகவரிகளுக்கு உரித்துடையவர், "எனது முகவரிகளை இன்ன இலக்கமுடைய வலையமைப்பு மட்டுமே அறிவிக்கலாம்" என்று ஏப்நிக் போன்ற அமைப்பின் ஊடாகக் கையொப்பமிட்ட சான்று ஒன்றைப் பதிந்துவைக்கலாம். மற்றவர்கள் அறிவிப்பைக் கேட்டவுடன் அச்சான்றைப் பார்த்து, பொருந்தாததை ஒதுக்கலாம். ஆர்.பி.கே.ஐ. எனப்படும் இம்முறையில், 2024 இல் உலகின் வழி அறிவிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குச் சான்று பதிவாகியிருந்தது. மீதிப் பாதி இன்னும் நம்பிக்கையின் பேரில் ஓடுகின்றது. சான்றும் தொடக்கத்தை மட்டுமே உறுதிசெய்யும். நடுவழியில் யார் யார் கைக்கு மாறி வந்தது என்பதை அது உறுதிசெய்யாது. ஆகவே சந்தேகிக்கத் தெரிந்த மனிதரின் தேவை தீர்ந்துவிடவில்லை.

தமிழில் இதைக் கற்பிக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். பி.ஜி.பி.யின் சொற்களை எடுத்துப் பாருங்கள். அயலவர், அறிவிப்பு, மீளப்பெறல், பாதை, விருப்பம், கொள்கை. எல்லாமே கிராமத்து முற்றத்தில் புழங்கும் சொற்கள். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் தமிழ்மொழியில் கற்பிக்கப்படுகின்றது. முகவரிகளைப் பிரிக்கும் கணக்கு வரை மாணவர் தமிழிலேயே படித்துவிடுகின்றனர். அதற்கு மேல் ஒரு படி ஏற வேண்டுமானால் மட்டும் ஆங்கிலக் கதவைத் தட்ட வேண்டியிருக்கின்றது. 2010 இல் ".இலங்கை" என்று தமிழ் எழுத்திலேயே இணைய முகவரியின் ஈற்றுப்பெயர் நமக்குக் கிடைத்தது. பெருமைப்பட்டோம். முகவரிப் பலகையைத் தமிழில் எழுதிய நாம், அந்த முகவரிக்குப் போகும் வழியைத் தமிழில் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ஏன் இப்படி நடந்தது என்ற சிந்தனை தாய்மொழியில் நடந்தால்தான் அது ஆழமாகப் பதியும்.

அரசிடமும் நிறுவனங்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. ரொஜர்ஸ் விபத்துக்குப் பின் கனடாவின் ஒழுங்குறுத்தும் அமைப்பு வெளியாரைக் கொண்டு ஆராய்ந்து, அறிக்கையின் சுருக்கத்தை 2024 இல் பொதுமக்களுக்கு வெளியிட்டது. பேஸ்புக் தன் வீழ்ச்சியை மறுநாளே எழுதி வெளியிட்டது. 2008 இன் கதையை ஐரோப்பாவின் ரைப் அமைப்பு நிமிடக் கணக்கில் பதிவுசெய்து வைத்திருக்கின்றது. உலகெங்கும் இத்துறையைக் கற்பவர்களுக்கு இவைதான் உண்மையான பாடநூல்கள். நம் நாட்டில் இணையம் நின்றால் "தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்" என்ற குறுஞ்செய்தி வரும், அத்தோடு எல்லாம் முடியும். ஒவ்வொரு பெரிய தடங்கலுக்கும் பிறகு, என்ன அறுந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், இனி என்ன செய்வார்கள் என்பதை மும்மொழியிலும் வெளியிடுமாறு தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு நிறுவனங்களைப் பணிக்க வேண்டும். நஷ்டஈடு கேட்கவில்லை, விளக்கம் கேட்கிறோம். பழுதை மறைக்கும் நாட்டில் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் உருவாகமாட்டார்கள்.

பாடசாலைகளிடம் கேட்பது இன்னும் சிறியது. கணினிக் கூடத்தின் மூலையில் ஒதுக்கிவைத்திருக்கும் பழைய இயந்திரங்கள் ஐந்தை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தன்னாட்சி இலக்கம் கொடுங்கள். ஒன்று சிலாபம், ஒன்று புத்தளம், ஒன்று நீர்கொழும்பு, ஒன்று கொழும்பு, ஒன்று மிலான் என்று பெயர் வையுங்கள். பிள்ளைகள் வழியமைக்கட்டும். பிறகு ஆசிரியர் அவர்களுக்குத் தெரியாமல் ஒன்றில் ஒரு பொய் அறிவிப்பைச் சேர்த்துவிடட்டும். பொய் சொன்னவர் யார், நம்பியவர் யார், சரிபார்க்காமல் பரப்பியவர் யார் என்று அவர்கள் கண்டுபிடிக்கட்டும். அந்தப் பயிற்சி முடிந்து வெளியே வரும் பிள்ளை ரவுட்டர் வேலைக்குப் போகாமல் தேங்காய் வியாபாரத்துக்கே போகலாம். ஆனால் அடுத்த முறை கையடக்கத் தொலைபேசியில் ஒரு செய்தி வந்து, உடனே பலருக்கும் அனுப்புமாறு அவசரப்படுத்தினால், அந்தப் பிள்ளை ஒரு கணம் நின்று, முதலில் சொன்னவர் யார் என்று கேட்கும். 2019 மே மாதத்தைக் கண்ட ஓர் ஊருக்கு அந்த ஒரு கணத்தின் மதிப்பு தெரியும்.